பாங்காங் ஏரிக்குக் கிளம்பும் என் ஊர்க்காரர்களுக்கு

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நெல்லையிலும் இருந்துகொண்டு, வரும் கோடையில் லடாக் போக முன்பணம் கட்டிவிட்ட உங்களுக்கு,



உங்கள் கைபேசியில் இப்போது இருக்கும் படம் எனக்குத் தெரியும். மொட்டை மலைகளுக்கு நடுவே, கண்ணை நம்ப முடியாத நீலத்தில் நீண்டு கிடக்கும் தண்ணீர். கரையில் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர். 2009-இல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தின் கடைசிக் காட்சியை அங்கேதான் எடுத்தார்கள். அந்த நினைவில் இன்னும் ஸ்கூட்டர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். நானும் உட்கார்ந்தேன். உங்களைப் போலவே ஆறு நாள் சுற்றுலாவில், உங்களைப் போலவே ஆசையோடு போனவள்தான் நான். அந்த முதல் பயணத்தில் நடந்ததையும், இரண்டாம் முறை போனபோது கண்டதையும் நீங்கள் பெட்டி கட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள். அந்த நீலத்தை ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும்.

முதல் பயணத்தில் நாங்கள் பதினான்கு பேர். டெல்லியிலிருந்து காலை விமானம். ஒன்றரை மணி நேரத்துக்குள் லே. கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர். எங்கள் பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் முதல் நாள் லே நகர் சுற்றல், இரண்டாம் நாள் பாங்காங் என்று இருந்தது. லேயில் இறங்கியதும் குறைந்தது இரண்டு நாள் முழுதாகப் படுத்து எழுந்து உடம்பைப் பழக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்கள் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் மிச்சம், அறை வாடகை மிச்சம். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் சாங் லா கணவாயைக் கடந்து, சாயங்காலம் ஸ்பாங்மிக் கிராமத்தின் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஏரி 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம்மூரில் இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்குதான். எங்களோடு சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடுவோம். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தவர், ராத்திரி பதினோரு மணிக்கு இருமத் தொடங்கினார். ஒரு மணிக்குப் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. மூச்சுக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். எங்களுக்கு அது சளி என்றுதான் பட்டது. அடுத்த கூடாரத்திலிருந்து ஓடிவந்த எங்கள் ஓட்டுநர்ப் பையன், லடாக்கி, அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டான்.

உயரத்தால் நுரையீரலில் நீர் கோக்கும் நோய் அது. அதற்கு முக்கிய வைத்தியம் கீழே இறங்குவது. பாங்காங்கின் ஆபத்து என்னவென்று அந்த ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. அங்கிருந்து லேக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். 5,300 மீட்டருக்கு மேலிருக்கும் சாங் லாவைத் தாண்டினால்தான் இறக்கம். மூச்சு முட்டுகிறவரை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோகாமல் கீழே கொண்டுவர முடியாது. ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு, முகமூடி நழுவாமல் என் கணவர் பிடித்துக்கொண்டே வர, இருட்டில் அந்தக் கணவாயைத் தாண்டினோம். வழியில் ராணுவ முகாம் ஒன்றில் ஊசி போட்டார்கள். டீச்சரம்மா பிழைத்துவிட்டார். விடிந்ததும் ஏற்பாட்டாளருக்குத் தொலைபேசி செய்தபோது, “எல்லாருக்கும் இதே புரோகிராம்தாம்மா” என்றார்.

அந்தப் பதிலில் ஓர் உண்மை இருந்தது. எல்லாருக்கும் அதே ஏற்பாடுதான். நாம் கேட்காதவரை அதுதான் விற்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பல நாள் எனக்கு வரித்தலை வாத்தின் நினைப்பாகவே இருந்தது. என் ஆச்சி ஊர் கூந்தன்குளம். நாங்குநேரிப் பக்கம், ஊருக்குள்ளேயே குளம், குளத்துக்குள்ளேயே ஊர் என்பது போல இருக்கும். மார்கழியில் போனால் விடியற்காலையில் கரையோரம் சாம்பல் நிற வாத்துகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் தலையில் மையிட்டது போல இரண்டு கறுப்புப் பட்டை. அவைதான் வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வருகின்றன என்று ஆச்சி சொல்வாள்; கதை என்று நினைத்தேன். கதை இல்லை. முதுகில் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். 7,000 மீட்டருக்கு மேலேயும் அவை பறந்திருக்கின்றன. அதற்கென்றே அமைந்த நுரையீரலும் ரத்தமும் கொண்ட அந்தப் பறவைகூட வழியெல்லாம் இறங்கித் தங்கித்தான் வருகிறது. சமவெளியில் பிறந்து வளர்ந்த நாம் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய் இறங்கி, மறுநாளே அதைவிட மேலே ஏறுகிறோம்.

கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான் என்று நீங்கள் செய்தித்தாளில் வருஷா வருஷம் படித்திருப்பீர்கள். சின்ன வயசில் நான் ஒரு லட்சுமி வெடியை ஒளித்துக் கொண்டுவந்தபோது ஆச்சி பிடுங்கிவிட்டாள். “பிள்ளத்தாச்சி வந்து எறங்குற வீடுல்லா இது, வெடி போடலாமாட்டி?” என்றாள். மஞ்சள் மூக்கு நாரைகள் அங்கே தெருவோர மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அவற்றைத்தான் பிள்ளைத்தாச்சி என்றாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவது போல என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வரித்தலை வாத்துக்குக் கூந்தன்குளம் தாய்வீடு இல்லை. நம்மூர் அதற்குக் குளிருக்குத் தப்பிப் பிழைக்க வரும் ஊர். அதன் பிரசவ வீடு எங்கே என்று தேடிக்கொண்டு போனதுதான் என் இரண்டாம் பயணம். நம் குளத்துக்கு வரும் ஒவ்வொரு வாத்தும் லடாக்கிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல மாட்டேன். திபெத்திலும் மங்கோலியாவிலும் அவற்றுக்கு ஏரிகள் உண்டு. ஆனால் நீங்கள் போகப்போகிற பாங்காங், சோ மொரிரி, சோ கர் ஆகிய மூன்று ஏரிகளும் அவை முட்டையிடும் இடங்கள். நீங்கள் போகும் ஜூன் மாதம்தான் அவை குஞ்சுகளோடு கரைக்கு வரும் மாதம்.

இரண்டாம் முறை லேயில் மூன்று நாள் சும்மா இருந்தோம். பிறகு ஸ்பாங்மிக்கைத் தாண்டி, அதே கரையோரச் சாலையில் மேரக் கிராமத்துக்குப் போய் ஒரு வீட்டில் நான்கு நாள் தங்கினோம். வீட்டுக்காரியை அமாலே என்று கூப்பிட்டோம். அம்மா என்பதற்கு அங்கே அதுதான் சொல். அந்த உயரத்திலும் பார்லியும் பட்டாணியும் விதைத்திருந்தார். பின்னால் உள்ள பனிமலையிலிருந்து கசியும் ஓடைதான் வயலுக்கும் வீட்டுக்கும். லேயில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி மாதம் ஒரே நாளில் பெய்து முடிக்கிற மழை அது. அதனால் அங்கே கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. மேலே துளை, கீழே ஓர் அறை, மண்ணும் சாம்பலும் அள்ளிப் போட வேண்டும். வருஷக் கடைசியில் அது வயலுக்கு எரு. முதல் நாள் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் நாற்றமே இல்லாத அந்த அறையையும், நாங்கள் முன்பு தங்கிய கூடாரங்களின் குளியலறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தக் கழிவு எங்கே போயிருக்கும்?

எங்கேயும் போகாது. இதை நீங்கள் தயவுசெய்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாங்காங்குக்கு வெளியேறும் வழி கிடையாது. மலையிலிருந்து தண்ணீர் வந்து சேரும், வெயிலில் ஆவியாகும், அவ்வளவுதான். ஆற்றில் விட்ட அழுக்கு கடலுக்குப் போய்விடும் என்று நமக்கொரு நினைப்பு உண்டு. அது தாமிரபரணிக்கே சரியில்லை. இந்த ஏரிக்குச் சுத்தமாகப் பொருந்தாது. காலங்காலமாக வந்து சேர்ந்த உப்பு வெளியேற முடியாமல் தங்கித்தான் அந்தத் தண்ணீர் உவர்த்துக் கிடக்கிறது. உப்புத் தங்கியது போலவே நீங்கள் தேய்க்கும் சோப்பும், வண்டியிலிருந்து ஒழுகும் எண்ணெயும், மேகி பொட்டலமும் அங்கேயே தங்கும். குளிர்காலத்தில் கனமாக உறைந்துபோகும் ஏரி. நம்மூர்க் குளம் போல எதையும் சீக்கிரம் மக்கவிடாது.

நான் இருந்த நான்கு நாளில் மூன்று நாள், கரையோரப் புல்வெளியில் கார்கள் ஓடுவதைப் பார்த்தேன். சாலையை விட்டு இறங்கி, தண்ணீரைத் தெறிக்கவிட்டு, திரும்பி, மறுபடி. 2022 ஏப்ரலில் ஒரு சொகுசுக் காரை ஏரிக்குள் ஓட்டிய காணொளியைப் பார்த்து நாடே கோபப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் திட்டியிருப்பீர்கள். ஆனால் கரையில் ஓட்டுவதை யாரும் தப்பென்றே நினைப்பதில்லை. அந்தப் புல் வருஷத்தில் சில மாதம்தான் வளரும். ஒரு சக்கரத்தடம் பதிந்தால் பல வருஷம் மாறாது. அமாலேயின் ஆடுகள் மேய்வது அதில். வாத்துக் குஞ்சுகள் கொத்தித் தின்பதும் அதில்.

ஒரு சாயங்காலம் இரண்டு பெரிய வாத்துகளும் ஐந்து மஞ்சள் குஞ்சுகளும் கரையேறி மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு. தமிழ்ப் பாட்டு. வெகுதூரத்தில் நம் மொழி கேட்டால் வரும் சந்தோஷம் எனக்கும் ஒரு நொடி வந்தது. பிள்ளைகள் வாத்தை நோக்கி ஓடினார்கள், பின்னால் கைபேசியோடு அப்பா. வாத்துகள் குஞ்சுகளைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போயின. நான்கு குஞ்சுகள்தான் ஒட்டிப் போயின. ஒன்று கரையில் கற்களுக்குள் புகுந்துகொண்டது. வேன் போகும்வரை தாய் திரும்பி வரவில்லை. அதற்குள் கிராமத்துப் பக்கமிருந்து நாய் வந்துவிட்டது.

அந்த நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாங்தாங் பீடபூமி முழுக்க இப்போது தெருநாய்கள் பெருகிக் கிடக்கின்றன. முகாம்களும் கூடாரங்களும் கொட்டும் எச்சில் சோற்றில் வளர்ந்தவை அவை. கோடை முடிந்து நீங்களும் நானும் ஊர் திரும்பியபின் அவற்றுக்குச் சோறு கிடையாது, வேட்டையாடிப் பிழைக்கும். கருங்கழுத்துக் கொக்கு என்று ஒரு பறவை, லடாக் ஒன்றியப் பிரதேசத்தின் அடையாளப் பறவை. நம் நாட்டில் அது கூடு கட்டுவது லடாக்கின் ஈரநிலங்களில். பெரும்பாலும் இரண்டே முட்டை. அந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் இன்றைக்கு முதல் எதிரி இந்த நாய்கள்தான் என்று அங்குள்ள பறவை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வழியில் மர்மோட் என்ற கொழுத்த அணில் போன்ற பிராணிக்கு நீங்கள் பிஸ்கட் நீட்டுவீர்கள். அது இரண்டு காலில் நின்று வாங்கும், படம் அழகாக வரும். பனிக்காலம் முழுக்க வளைக்குள் தூங்கி உயிர் பிழைக்க வேண்டிய பிராணி அது. கோடையில் தின்னும் புல்லும் பூண்டும்தான் அதன் சேமிப்பு. பிஸ்கட்டை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கூடாரம் போட்டவன் லடாக்கிக்காரன், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவன் லடாக்கிக்காரன், வண்டியைப் புல்லில் இறக்குபவனும் உள்ளூர் ஓட்டுநர்தானே என்பீர்கள். நான் அமாலேயிடமே இதைக் கேட்டேன். அவர் மகன் லேயில் டாக்சி ஓட்டுகிறான். “இறக்க மாட்டேன் என்று சொன்னால் பயணிகள் கோபப்படுகிறார்கள், ஏஜென்சியிடம் புகார் சொல்கிறார்கள். அடுத்த நடை அவனுக்குக் கிடைக்காது” என்றார். 2022-இல் மட்டும் லடாக்குக்கு ஐந்து லட்சத்துக்கும் மேலான பயணிகள் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மொத்த மக்கள்தொகையே 2.74 லட்சம்தான். வருகிறவர் கூட்டம் வீட்டுக்காரரைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால், வீட்டின் ஒழுங்கை வருகிறவர்தான் தீர்மானிக்கிறார். அந்தப் பையனால் மறுக்க முடியாது. நீங்கள் கேட்காமல் இருக்க முடியும்.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 130 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த ஏரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். மீதி சீனாவின் வசம். 2020-இல் வடகரையில் இரு படைகளும் நேருக்கு நேர் நின்றன. பின்வாங்கியது 2021 பிப்ரவரியில். வடக்கே கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15 இரவு இறந்த இருபது பேரில் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நம் ஊர்க்காரர் ரத்தம் அந்த மண்ணில் இருக்கிறது என்று நீங்கள் அங்கே நின்று உணர்ச்சிவசப்படுவீர்கள், நானும் அழுதேன். ஆனால் சீனா எங்கே தெரியும், படைவீரரோடு ஒரு படம் எடுக்கலாமா, டிரோன் பறக்கவிடலாமா என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். அங்குள்ள மேய்ப்பர்களுக்கு எல்லை என்பது பனிக்காலத்தில் ஆடு மேய்த்த புல்வெளிக்கு இப்போது போக முடியாமல் இருப்பது. அமாலேயின் தம்பி முந்நூறு ஆடு வைத்திருந்தவர், நூற்றிருபதாகக் குறைத்துவிட்டார். அந்தக் குறைந்த ஆட்டுக்கு மிச்சமிருக்கும் கரைப்புல்லில்தான் நம் கார்கள் ஓடுகின்றன.

நீர்நிலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, செருப்போடு படியில் இறங்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த சமூகம் நம்முடையது. லடாக்கிலும் அதே பழக்கம்தான். நீரில் ‘லூ’ என்ற தெய்வங்கள் குடியிருப்பதாகவும், ஊற்றை அசுத்தம் செய்தால் அவற்றுக்குக் கோபம் வரும் என்றும் அமாலே சொன்னார். நம் ஊருணிக் கரையில் நாகர் சிலை இருப்பதைச் சொன்னேன். “அப்படியென்றால் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியுமே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மீதிப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஏற்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். லேயில் இரண்டு முழு நாள் ஓய்வு வேண்டும், அதற்காக நுப்ரா பள்ளத்தாக்கை விட்டுவிட்டாலும் சம்மதம் என்று சொல்லுங்கள். நெஞ்சுநோய், மூச்சுநோய் உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள். கரையோரக் கூடாரம் வேண்டாம், மான், மேரக் போன்ற கிராமமொன்றில் ஒரு வீட்டில் இரண்டு இரவு வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பணம் அமாலே போன்றவர்கள் கைக்கு நேராகப் போகும். சாம்பல் போடும் கழிப்பறைக்கு உங்கள் பிள்ளைகள் உங்களைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வண்டி ஏறியதும் ஓட்டுநரிடம், சாலையை விட்டு இறங்க வேண்டாம், நாங்கள் நடந்தே போய்க்கொள்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை எல்லாம் ஒரு பையில் போட்டு லேக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்பேன், இது கொஞ்சம் அதிகம்தான். கோடைக்கு லே போவதற்கு முன், இந்தத் தை மாதத்தில் ஒரு விடியற்காலை கூந்தன்குளம் வாருங்கள். 1994-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊர். சோ மொரிரி 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது போல, இதுவும் 2022-இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. நெல்லையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், மூலைக்கரைப்பட்டி வழியாக வர வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஆச்சி இப்போது இல்லை. ஆனால் வாசல் தெளிக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், இன்றைக்கு வாத்து எந்தக் கரையில் இறங்கியிருக்கிறது என்று கையைக் காட்டுவாள். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.